வெள்ளிக்கிழமை ஏற்றிய பானை

யூதக் குடும்பங்களில் பாட்டி சொல்லும் கதையும் பாட்டி கைச்சமையலும் சேர்ந்தேதான் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்கிறார்களே, அப்படி என்ன கதை? இத்தனை நாடுகளில் சிதறிக் கிடந்தவர்களுக்கு ‘யூதச் சமையல்’ என்று ஒன்று இருக்க முடியுமா? நம் வீட்டு அடுப்பில் செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது உண்டா? இவைதான் உங்கள் கேள்விகள்.

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நடுக்கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். போலந்து யூதர் வீட்டு மீனில் சர்க்கரை இருக்கும். பாக்தாத் யூதர் வீட்டில் பேரீச்சம்பழப் பாகு. கொங்கண் கரை யூதர் வீட்டில் தேங்காய்ப்பால். மூவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால் ஒருவர் சாப்பாடு மற்றவருக்கு வேற்றூர்ச் சாப்பாடுதான். ஆனால் எது கூடாது, எப்போது கூடாது என்று கேளுங்கள், மூன்று வீட்டிலும் ஏறக்குறைய ஒரே பதில் வரும். நான் புரிந்துகொண்டவரை, தலைமுறை தாண்டி வந்தது முதலில் அந்தத் தடைதான். சமையல் குறிப்பெல்லாம் தடையைச் சுற்றிக்கொண்டு போக அந்தந்த ஊரில் கண்டுபிடித்த வழிகள்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்றி கூடாது. மீனுக்குத் துடுப்பும் செதிளும் இரண்டுமே இருக்க வேண்டும். அதனால் இறால், நண்டு, கணவா, கெளுத்தி, சுறா எதுவும் கிடையாது. ரத்தம் கூடாது, இறைச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் கிடத்தி, நன்றாக அலசிய பிறகுதான் அடுப்பேற்றுவார்கள். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் வேகவைக்காதே என்று யூதர்களின் வேதமான தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அந்த ஒரு வரியை வைத்து யூத மதகுருக்களான ரபிகள் கட்டியெழுப்பியதுதான், இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேரவே கூடாது என்ற விதி. விதி பார்க்கும் வீட்டில் இரண்டுக்கும் பாத்திரம் தனி, தட்டு தனி, கரண்டி தனி. கறி சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழித்துப் பால் குடிக்கலாம் என்பதில் மட்டும் ஊருக்கு ஒரு வழக்கம்: பலருக்கு 6 மணி, ஜெர்மன் யூதர்களுக்கு 3, டச்சு யூதர்களுக்கு 1. உங்கள் வீட்டில் எத்தனை மணி என்று கேட்டே, குடும்பம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இதையெல்லாம்விடச் சமையலை அதிகம் வடிவமைத்தது ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதிலிருந்து சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்வரை ஷபாத். அன்று செய்யக் கூடாத வேலைகள் 39 வகை. தீ மூட்டுவதும் சமைப்பதும் அதில் உண்டு. ஆனால் அன்று நல்ல சாப்பாடு சாப்பிடுவதும் கடமை. சூடாகச் சாப்பிடுவது இன்னும் விசேஷம். இதன் பின்னால் ஒரு வீம்பும் இருக்கிறது. காராயர்கள் என்ற பிரிவினர் ஷபாத்தில் வீட்டுக்குள் நெருப்பே எரியக் கூடாது என்றார்கள். ரபிகள் வழி வந்தவர்களோ, முன்பே மூட்டிய நெருப்பு தானாக எரியலாம் என்றார்கள். சனிக்கிழமை மதியம் சூடான சாப்பாடு சாப்பிடுவது ‘நான் எந்தக் கட்சி’ என்று காட்டும் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அப்படியானால் வழி என்ன? வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பே பானையை ஏற்றிவிடுவது. பிரியாணிக்குத் தம் போடும்போது மூடியைச் சுற்றி மாவு ஒட்டுவோமே, அதே போல ஒட்டி, தணலில் ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் மறுநாள் மதியம் வரை அது தானே வெந்துகொண்டிருக்கும். கிழக்கு ஐரோப்பாவில் பல வீடுகளில் இரவெல்லாம் தணல் காக்க வசதி இருக்காது. ஊர் ரொட்டிக்காரரின் பெரிய அடுப்பில் எல்லோர் பானையும் வரிசையாக உட்காரும். சனிக்கிழமை ஜெபம் முடிந்ததும் அவரவர் வீட்டுப் பானையைப் போய் எடுத்து வருவார்கள்.

இந்தப் பானைக்கு ஊர்தோறும் பெயர் வேறு. எபிரேயத்தில் ஹமீன், ‘சூடானது’. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷில் சோலன்ட். ஸ்பெயினில் அதஃபீனா, ‘மூடிப் புதைத்தது’ என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஈராக்கில் த்பீத், ‘இரவு தங்கியது’. உள்ளே இருப்பதும் ஊரைப் பொறுத்தது: போலந்தில் பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி. ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் கொண்டைக்கடலை. ஈராக்கில் அரிசி அடைத்த முழுக்கோழி, அதைச் சுற்றி மேலும் அரிசி. ஏமன் யூதர்கள் மாவையே இரவு முழுக்க வேகவிட்டார்கள். குபானே, ஜஹ்னூன் என்ற அவர்களது ரொட்டிகள் அப்படி வந்தவை.

இதில் ஸ்பெயின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1492-இல் ஸ்பெயின் அரசர்கள், ஒன்று ஞானஸ்நானம் பெறு, இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போ என்றார்கள். அதற்கு முன்பே பல்லாயிரம் பேர் கிறிஸ்தவர்களாக மாறியிருந்தார்கள், பலர் பயத்தில். மாறியவர்கள் உண்மையிலேயே மாறிவிட்டார்களா என்று துருவிப் பார்க்க வந்ததுதான் விசாரணை மன்றம். மனதுக்குள் இருப்பதை எப்படிப் பார்ப்பது? சமையல்கட்டைப் பார்த்தார்கள். இன்னின்ன செய்பவரைக் கண்டால் வந்து சொல்லுங்கள் என்று மாதா கோயில்களில் வாசித்த அறிவிப்புகளில் நீளமான பட்டியல் இருந்தது: வெள்ளிக்கிழமையே சனிக்கிழமைக்கும் சேர்த்துச் சமைப்பவர், இறைச்சியிலிருந்து கொழுப்பை நீக்குபவர், பன்றிக் கொழுப்புக்குப் பதில் எண்ணெயில் சமைப்பவர், வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றி வெள்ளைத் துணி விரிப்பவர். சாட்சி சொன்னவர்களில் வீட்டு வேலைக்காரப் பெண்கள் கணிசம். அக்கால வரலாற்றாசிரியர் ஆந்திரேஸ் பெர்னால்தேஸ், இந்தப் புதுக் கிறிஸ்தவர்கள் அதஃபீனாவை விடவில்லை, வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணெயில் வதக்குகிறார்கள், அந்த வாடை அவர்கள் வீட்டிலும் மேலிலும் அடிக்கிறது என்று முகம் சுளித்து எழுதியிருக்கிறார். ஆலிவ் எண்ணெயும் பூண்டும் ஸ்பெயினின் பெருமை என்று இன்று உலகம் கொண்டாடுவதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

ஆக, ஒரு பானை கொண்டைக்கடலைக் குழம்புக்காக உயிர் போகலாம் என்ற காலம் அது. பல வீடுகளில் பன்றித் துண்டை வேண்டுமென்றே பானையில் போட்டுக் காட்டினார்கள். மாட்ரிட் நகரின் புகழ்பெற்ற கொண்டைக்கடலைக் கறி ‘கொசீதோ’ அதஃபீனாவின் வாரிசு, பன்றி பின்னால் சேர்ந்தது என்று உணவு வரலாறு எழுதுபவர்கள் பலர் சொல்கிறார்கள். நாட்டைவிட்டுப் போனவர்களோ பானையைத் தூக்கிக்கொண்டு மொராக்கோ, துருக்கி, கிரேக்கம் என்று போனார்கள். கூடவே பழைய ஸ்பானிய மொழியும் போனது. லதீனோ என்ற அந்த மொழியில் சமையல் சொற்களும் தாலாட்டும் பழமொழியும் நானூறு ஐந்நூறு வருடம் வீட்டுக்குள்ளேயே பிழைத்திருந்தன.

ஈராக் பானைக்கு இன்னொரு பயணம். த்பீத் பானை மேல் முட்டைகளை ஓட்டோடு வைத்து மூடிவிடுவார்கள். காலையில் எடுத்தால் வெள்ளைக்கரு பழுப்பாகியிருக்கும். வெள்ளிக்கிழமையே பொரித்து வைத்த கத்திரிக்காயுடன் அதைச் சனிக்கிழமை காலை சாப்பிடுவார்கள். 1950-51-இல் ஈராக்கிலிருந்து ஏறக்குறைய 1,20,000 யூதர்கள் இஸ்ரேலுக்குப் போனார்கள். பலர் குடியேறிய ராமத் கான் நகரில் அதே முட்டையையும் கத்திரிக்காயையும் ரொட்டிக்குள் அடைத்துத் தெருவில் விற்கத் தொடங்கினார்கள். சபீஹ் என்ற அந்தத் தின்பண்டம் இன்று இஸ்ரேல் முழுக்கப் பிரபலம். அதன்மேல் ஊற்றும் மாங்காய் ஊறுகாய்க்குப் பெயர் ‘அம்பா’. மராத்தியில் மாம்பழத்துக்கு ஆம்பா. பம்பாய்க்கு வணிகம் செய்யப் போன பாக்தாத் யூதர்கள் வழியாக அந்த ஊறுகாய் பாக்தாத் போய், அங்கிருந்து டெல் அவிவ் போயிருக்கிறது.

சரி, மீனுக்கு வருவோம். கெஃபில்டே ஃபிஷ் என்ற ஐரோப்பிய யூதர்களின் மீன் உருண்டையைச் சாப்பிட்டவர்கள் பலருக்கு அது பிடிப்பதில்லை (எனக்கும்தான்). ஏன் மீனை அரைத்து உருட்டி ஆறவைத்து வைக்க வேண்டும்? 39 வேலைகளில் ஒன்று ‘பிரித்தெடுப்பது’. வேண்டியதிலிருந்து வேண்டாததைப் பொறுக்கி எடுப்பது ஷபாத்தில் கூடாது. தட்டில் மீன் முள் எடுப்பதும் அதில் வந்துவிடும் என்ற கவலை. ஆகவே வெள்ளிக்கிழமையே முள்ளை நீக்கி அரைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. இதில் சர்க்கரை போடுவதா மிளகு போடுவதா என்று பெரிய சண்டை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் போலந்துப் பக்கம் பீட்ரூட் சர்க்கரை ஆலைகள் பெருகின. அங்கே மீன் இனித்தது. லிதுவேனியா பக்கம் மிளகுக் காரமே நீடித்தது. இனிப்பு வீட்டுப் பையனுக்கு மிளகு வீட்டில் பெண் எடுத்தால் கல்யாணத்துக்குப் பிறகும் அந்தச் சண்டை தொடரும்.

கொழுப்பும் இப்படித்தான். வட ஐரோப்பாவில் ஆலிவ் விளையாது. பன்றிக் கொழுப்பு கூடாது. வெண்ணெய் கறியோடு சேராது. மிச்சம் வாத்துக் கொழுப்பும் கோழிக் கொழுப்பும். ஷ்மால்ட்ஸ் என்று அதை உருக்கி ஜாடியில் வைப்பது யிட்டிஷ் பேசும் வீடுகளின் வாசனையாகவே ஆனது. 1911-இல் அமெரிக்காவில் கிரிஸ்கோ என்ற தாவரக் கொழுப்பு விற்பனைக்கு வந்தபோது, யூத இனம் இதற்காக 4,000 வருடம் காத்திருந்தது என்று ஒரு ரபியே சொன்னதாக நிறுவனம் விளம்பரம் செய்தது. பின்னர் யிட்டிஷும் ஆங்கிலமும் சேர்ந்த சமையல் புத்தகமும் போட்டது. அதே சிக்கலுக்குக் கொங்கண் கரையில் விடை மரத்திலேயே தொங்கியது: தேங்காய்ப்பால். கறிக்குழம்பிலும் சேரும், கறி விருந்துக்குப் பிறகு வரும் அல்வாவிலும் சேரும். கோதுமைப் பாலும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிளறும் அந்த அல்வா, கொங்கண் கரை யூதர்களான பெனே இஸ்ரேலியர் வீடுகளில் புத்தாண்டுப் பலகாரம்.

அந்தப் பெனே இஸ்ரேலியர் கதைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. மும்பைக்குத் தெற்கே அலிபாக் பக்கம் நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரை சேர்ந்தார்கள், எங்கள் முன்னோர் அவர்களே என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. புத்தகம் போனது, எபிரேயம் மறந்தது, எண்ணெய் ஆட்டும் தொழில் கைக்கு வந்தது. சனிக்கிழமை மட்டும் செக்கு ஓட்ட மாட்டார்கள். அதனால் ஊரார் வைத்த பெயர் ‘ஷனிவார் தேலி’, சனிக்கிழமைச் செக்கார். பிறகு தாவீது ரஹாபி என்ற யூதர் ஒருவர் அங்கே வந்தாராம். எந்த நூற்றாண்டு என்பதில் ஆளுக்கொரு கணக்கு. இவர்கள் யூதர்கள்தானா என்று சோதிக்க ஒரு கூடை மீனைப் பெண்களிடம் கொடுத்துச் சமைக்கச் சொன்னார். அவர்கள் துடுப்பும் செதிளும் உள்ள மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிட்டார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

கதையாகவே இருக்கட்டும், பரீட்சை எங்கே நடக்கிறது என்று கவனியுங்கள். ஜெபம் சொல்லச் சொல்லவில்லை. ஆண்களைக் கேட்கவில்லை. மீன் ஆயும் இடத்தில், பெண்கள் கையில் நடக்கிறது. தாங்கள் எப்படி யூதர்களாக நீடித்தோம் என்று ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை இது. அவர்களிடம் மலீதா என்ற ஒரு நேர்த்திச் சடங்கும் உண்டு. அவல், வெல்லம், தேங்காய்த் துருவல் கலந்து பழங்களோடு வைத்து எலியா தீர்க்கதரிசியை வேண்டுவார்கள். எலியா அலிபாக் அருகே கண்டாலாவில் தோன்றிப் போனார் என்று சொல்லி, பாறையில் தேர்த்தடம் காட்டுகிறார்கள். உலகத்தின் வேறெந்த யூதக் குடும்பத்திலும் இது கிடையாது. இஸ்ரேல் போன பிறகும் விடவில்லை.

கொச்சி யூதர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. கி.பி. 1000 வாக்கில் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த உரிமைச் செப்பேடு வட்டெழுத்தில் இருப்பதால் நம்மில் பலருக்கு அவர்களைத் தெரியும். செப்பேடு அளவுக்குப் பேசப்படாதது அவர்கள் வீட்டுப் பெண்களின் நோட்டுப் புத்தகம். திருமணத்துக்கும் திருநாளுக்கும் பாடும் மலையாளப் பாட்டுகளைக் கையால் எழுதி வைத்து, பாட்டி, அம்மா, மகள் என்று பார்த்துப் பார்த்து நகலெடுத்துக்கொண்டார்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போனபோது பெட்டிகளில் அந்த நோட்டுகளும் போயின. நேகேவ் பாலைவன ஓரத்தில் நெவாத்தீம் என்ற ஊரில் இப்போது அவர்களுக்கு ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது.

கதையையே எடுத்துச் சாப்பிடும் இரவு ஒன்று உண்டு என்றால் அது பஸ்கா. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய கதையின் ஒவ்வொரு அம்சமும் தட்டில் இருக்கும்: கசப்புக் கீரை அடிமை வாழ்வு, உப்புத் தண்ணீர் கண்ணீர், ஹரோசெத் என்ற குழைவு செங்கல் மண். போலந்தில் அந்த மண் ஆப்பிளும் அக்ரூட்டும் ஒயினும். ஈராக்கிலும் இந்தியாவிலும் பேரீச்சம்பழப் பாகு. பஸ்கா வாரம் முழுக்கப் புளித்த மாவு கூடாது. புளிப்பில்லாத அப்பத்துக்கு மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும். ஐரோப்பிய யூதர்கள் அந்த வாரம் அரிசி, பருப்பு, கடுகுகூடத் தொட மாட்டார்கள். கிழக்கத்திய யூதர்கள் அரிசி சாப்பிடுவார்கள், ஆனால் இடையில் ஒரு கோதுமை மணி கலந்துவிடக் கூடாதே என்று மூன்று தடவை ஒவ்வொரு அரிசியாகப் பார்ப்பார்கள். அம்மா, அத்தை, பிள்ளைகள் எல்லோரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து அரிசி பொறுக்கும்போது கதை வராமல் இருக்குமா? இந்த இரவு மட்டும் ஏன் வேறு மாதிரி என்று வீட்டின் கடைக்குட்டிதான் கேட்க வேண்டும். ஈராக் வீடுகளில் ஒரு பையன் தோளில் மூட்டையோடு வருவான். எங்கிருந்து வருகிறாய்? எகிப்திலிருந்து. எங்கே போகிறாய்? எருசலேமுக்கு. ஈரான் யூதர்கள் நடுவில் ஒரு பாட்டு வரும்போது வெங்காயத்தாளால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள், எகிப்தியச் சாட்டையின் நினைவாக. தாத்தாவை அடிக்கலாம் என்ற அனுமதி அன்றைக்கு மட்டும்.

தடைதான் கைமாறியது என்றேன். அந்த வாதம் ஆட்டம் காணும் இடம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். செக் தலைநகர் பிராகுக்கு வடக்கே தெரெசின் என்ற கோட்டை நகரத்தை நாஜிகள் முகாமாக்கினார்கள். ஏறக்குறைய 1,40,000 யூதர்களை அங்கே அடைத்தார்கள். சுமார் 33,000 பேர் அங்கேயே பசியிலும் நோயிலும் இறந்தார்கள். இன்னும் 88,000 பேர் வரை அவுஷ்விட்ஸ் கொலை முகாம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ராத்திரியில் பெண்கள் படுத்தபடி சமையலைப் பற்றிப் பேசுவார்கள், என் முறை சரி, உன் முறை தப்பு என்று வாதாடுவார்கள். ‘வாயால் சமைப்பது’ என்று அதற்குப் பெயர். மினா பெக்டர் என்ற முதியவரும் தோழிகளும் அந்தக் குறிப்புகளைக் கிடைத்த தாளில் எழுதித் தைத்தார்கள். மினா 1944-இல் பாவநிவாரண நாளன்று, ஊரே உபவாசம் இருக்கும் அந்த நாளில், பசியின் நோயால் இறந்தார். என் மகளிடம் சேர்த்துவிடு என்று பொட்டலத்தை ஒரு நண்பரிடம் கொடுத்திருந்தார். கைமாறிக் கைமாறி அது நியூயார்க்கில் இருந்த மகளிடம் சேர்ந்தது 1969-இல். பிரித்துப் படிக்க நெடுநாள் அவருக்கு மனம் வரவில்லை. குறிப்புகள் சில அரைகுறை; ஒரு சாமான் விட்டுப்போயிருக்கும், ஒரு படி காணாமல் போயிருக்கும். அங்கே என்ன கூடாது என்று பட்டியல் போட யாருக்கும் அவசியமில்லை. வெண்ணெயும் முட்டையும் சர்க்கரையும் வாத்துக்கறியும் கொண்ட சமையல் குறிப்பு மட்டும்தான் போய்ச் சேர்ந்தது.

பொதுவாக எழுதி வைக்கும் வழக்கம் குறைவு. யிட்டிஷில் ‘ஷிட்டரைன்’ என்பார்கள், ‘உள்ளே கொட்டு’ என்று அர்த்தம். எவ்வளவு என்று கேட்டால் அதுதான் பதில். நமக்குக் கண்ணளவு, கைப்பக்குவம் மாதிரி. இதில் வரும் கோளாறுக்கு அவர்களே சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. மாட்டு நெஞ்சுக்கறியைச் சமைக்கும்போது ஒருத்தி இரண்டு ஓரத்தையும் வெட்டி எறிந்தாள். ஏன் என்றான் புருஷன். அம்மா அப்படித்தான் செய்வாள், ருசி கூடும். அம்மாவைக் கேட்டால், உன் பாட்டி அப்படித்தான் செய்வாள். பாட்டியைப் போய்க் கேட்டால்: ‘என் பானை சின்னது, கறி அதில் அடங்காது.’

இனி உங்கள் கடைசிக் கேள்வி. எளியது, அந்தப் பழுப்பு முட்டைதான். ஸ்பெயின் வழி யூதர்கள் அதை ஹுவேவோஸ் ஹமினாதோஸ் என்பார்கள். காய்ந்த வெங்காயச் சருகு இரண்டு கைப்பிடி பாத்திரத்தின் அடியில் போடுங்கள். மேலே ஆறு முட்டை, ஓட்டோடு. மூழ்கும்வரை தண்ணீர், ஒரு கரண்டி எண்ணெய், கொஞ்சம் உப்பு. வேண்டுமானால் ஒரு கரண்டி காபித்தூள். கொதி வந்ததும் மிகச் சிறு தீயில் வைத்து மூடி, குறைந்தது ஆறு மணி நேரம். நான் முதல் தடவை பொறுமை இல்லாமல் மூன்றாவது மணி நேரத்திலேயே ஒன்றை உடைத்துப் பார்த்தேன். வெறும் அவித்த முட்டை, ஓட்டில் மட்டும் நிறம். ஆறு மணி தாண்டினால்தான் உள்ளே வெள்ளைக்கரு காபி நிறத்துக்கு வந்து, மஞ்சள் கரு மாவாக இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும். அவர்கள் ராத்திரி முழுக்க விட்டார்கள் என்று நீங்கள் கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். பகலில், வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். தண்ணீர் வற்றினால் வெந்நீர் சேருங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் முட்டை வெடிக்கும்.